145.800-ல் வைத்தால் ஏன் 145.803-ல் வருகிறது? ஹாம் ரேடியோவுக்குப் புதியவர்களுக்கு டாப்ளர் விளைவு

ஹாம் ரேடியோவுக்குள், அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் கேட்டும் பேசியும் பழகுகிற உலகத்துக்குள், புதிதாக வருகிறவர்கள் சாட்டிலைட் கேட்க ஆரம்பித்ததும் அநேகமாக எல்லாரும் இந்தச் சந்தேகத்தோடுதான் வருவார்கள். "அண்ணே, விண்வெளி நிலையம் 145.800 மெகாஹெர்ட்ஸ்ல வரும்னு சொன்னீங்க. எனக்கு 145.803 பக்கத்துல ஆரம்பிச்சு, அதுவா நகர்ந்து கீழ போகுது. டாங்கிள் போயிருச்சா?" டாங்கிளுக்கு, அதாவது கணினியில் செருகி ரேடியோ கேட்கிற அந்தச் சின்னக் கருவிக்கு, ஒன்றும் ஆகவில்லை தம்பி. நீ பார்த்தது டாப்ளர் விளைவு. அது ரேடியோவின் கோளாறு இல்லை, ஒரு பொருள் எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அது அனுப்பும் அலையே சொல்லிவிடுகிற விஷயம். ராக்கெட் ஏவுதல், சாட்டிலைட், நட்சத்திரம் என்று எதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் ஹாம்கள் கடைசியில் இதில்தான் வந்து நிற்பார்கள். அதனால் இதை ஒருமுறை நிதானமாகப் புரிந்துகொண்டுவிடுவது நல்லது.

முதலில் காதால் கேட்டுவிடலாம். கப்பலூர் தாண்டி நான்குவழிச்சாலை ஓரமாக நின்று, ஏர் ஹாரனை அழுத்தியபடி வருகிற பஸ் ஒன்றைக் கவனியுங்கள். வரும்போது ஹாரன் ஒரு சுருதியில் இருக்கும், உங்களைக் கடந்ததும் சட்டென்று இறங்கிவிடும். மணிக்கு 90 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 25 மீட்டர், ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 345 மீட்டர். கணக்குப் போட்டால் வரும் சுருதிக்கும் போகும் சுருதிக்கும் நடுவில் கிட்டத்தட்ட 14 சதவீத வித்தியாசம், அதாவது ரி-யிலிருந்து ஸ-வுக்கு இறங்குவதைவிடக் கொஞ்சம் கூடுதல். இதில் பலர் தவறாகப் புரிந்துகொள்கிற இடம் ஒன்று இருக்கிறது. பஸ் நெருங்க நெருங்கச் சுருதி ஏறிக்கொண்டே போவதாக நினைப்பார்கள். ஏறுவது சத்தம் மட்டும்தான். வேகம் மாறாத வரைக்கும் தூரத்தில் வரும்போது சுருதி ஒரே உயரத்தில் நிற்கும், கடக்கிற நேரத்தில்தான் இறங்கும். அந்த இறக்கம் எவ்வளவு செங்குத்தாக இருக்கும் என்பது நீங்கள் சாலைக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சாலையோரம் நின்றால் படாரென்று விழும், நூறு அடி உள்ளே தள்ளி ஒரு வீட்டு மாடியில் நின்றால் வழுக்கிக்கொண்டு மெதுவாக இறங்கும். இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பெரிய வேலை செய்யப்போவது அதுதான்.

ஆஸ்திரிய இயற்பியலாளர் கிறிஸ்டியன் டாப்ளர் இதை 1842-ல் எழுதியபோது அவர் மனதில் இருந்தது இரட்டை நட்சத்திரங்களின் நிறம். ஒலியில் அதைச் சோதித்துக் காட்டியது நெதர்லாந்துக்காரர் பைஸ் பாலட். 1845-ல் ரயிலில் எக்காள வித்வான்களை ஏற்றி ஓடவிட்டு, தண்டவாளத்துக்குப் பக்கத்தில் சங்கீத ஞானம் உள்ளவர்களை நிறுத்திச் சுருதியைக் கேட்கச் சொன்னார்.

இனி ரேடியோ. சர்வதேச விண்வெளி நிலையம் தரையிலிருந்து சுமார் 420 கிலோமீட்டர் உயரத்தில், நொடிக்கு 7.66 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட 93 நிமிடம். அது 145.800 மெகாஹெர்ட்ஸில் அனுப்புகிறது என்றால், ஒரு நொடியில் 14 கோடியே 58 லட்சம் அலைகளை வெளியே விடுகிறது, ஓர் அலையின் நீளம் 2 மீட்டருக்குச் சற்று மேல். இப்போது ஒரே ஓர் அலையைப் பிடித்துப் பார்ப்போம். ஒரு முகட்டை அனுப்பிவிட்டு அடுத்த முகட்டை அனுப்புவதற்குள் நிலையம் நம் பக்கமாக எவ்வளவு நகர்ந்திருக்கும்? ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கடுகளவு தூரம் ஒவ்வோர் அலையிலும் குறைகிறது. குறுகிய அலைகள் அதே ஒளி வேகத்தில் வந்து சேர்வதால் ஒரு நொடிக்குள் கூடுதலான எண்ணிக்கையில் வந்துவிடும். விலகிப் போகும்போது அலைகள் அதே அளவு நீண்டு, வந்து சேர்வது குறையும்.

எவ்வளவு கூடும் என்று கேட்டால், ஒரு வகுத்தல் போதும். நிலையம் அடிவானத்தில் தலைகாட்டும்போது அதன் முழு வேகமும் நம்மை நோக்கி இருக்காது, கொஞ்சம் சாய்வாக வருகிறது. அதனால் நம் திசையில் சுமார் 7.2 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒளி நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர், அதை 7.2-ஆல் வகுத்தால் சுமார் 41,700. 14 கோடியே 58 லட்சத்தை 41,700-ஆல் வகுங்கள், 3,500 ஹெர்ட்ஸ் வரும். ஆக, 145.8035-ல் ஆரம்பித்து, மிக அருகில் வரும் கணத்தில் சரியாக 145.800-ஐத் தொட்டு, மறையும்போது 145.7965-க்குப் போய்விடும். தம்பி பார்த்த 145.803 இதுதான். இதே கணக்கில் 437.800-ல் அனுப்பினால் மாற்றம் மூன்று மடங்கு, இரு பக்கமும் 10.5 கிலோஹெர்ட்ஸ். அலைவரிசை ஏற ஏற டாப்ளரும் ஏறும்.

மதுரைக்கு நேர் மேலே வடமேற்கிலிருந்து தென்கிழக்காகக் கடக்கிற ஒரு பாஸை எடுத்துக்கொள்ளுங்கள் (சாட்டிலைட் ஒருமுறை நம் வானத்தைக் கடப்பதுதான் பாஸ்). மலையோ கட்டடமோ மறைக்காத இடமாக இருந்தால், நிலையம் கராச்சிக்கு மேலே இருக்கும்போதே இங்கே சிக்னல் வர ஆரம்பித்துவிடும். சுமார் பத்து நிமிடம் கழித்து, சுமத்ராவுக்கு மேற்கே இந்தியப் பெருங்கடலுக்கு மேலே போகும்போது மறையும். ஒத்தக்கடைக்காரர்களுக்கு யானைமலை நிற்கிற பக்கத்தில் சிக்னல் தாமதமாக எழும், அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. டாங்கிளோடு ஓடும் எஸ்டிஆர் மென்பொருளில் (கணினியையே ரேடியோவாக்குகிற மென்பொருள்) வாட்டர்ஃபால் என்ற ஓடும் படத்தைத் திறந்துவைத்துப் பாருங்கள். கிடைமட்டம் அலைவரிசை, மேலிருந்து கீழ் நேரம். வலது ஓரத்தில் மெலிசாக ஒரு கோடு முளைக்கும். முதல் மூன்று நான்கு நிமிடம் அது நகர்கிற மாதிரியே தெரியாது, பிறகு லேசாக இடப்பக்கம் சாயும், உச்சிக்கு வந்ததும் ஒரே நிமிடத்தில் நடுக்கோட்டைத் தாண்டி இடதுபக்கம் சரியும், அங்கே மறுபடி நிமிர்ந்து நேராக ஓடித் தேய்ந்து மறையும். மொத்தமாகப் பார்த்தால் படுக்கவைத்த ஒரு வளைவு. சாயங்காலம் இருட்டின பிறகு வருகிற பாஸாக இருந்தால் நிலையம் வெறும் கண்ணுக்கே பளிச்சென்று தெரியும். தலைக்கு மேலே அந்தப் புள்ளி உச்சியைத் தாண்டுகிற அதே நொடியில் திரையில் கோடு நடுவைத் தாண்டுவதைப் பார்க்கிற அனுபவத்தை யாருக்கும் சிபாரிசு செய்வேன். கணக்கு கண்ணெதிரே நடக்கிறது.

இங்கே இரண்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எஃப்எம்மில் டாப்ளர் வந்தால் பஸ் ஹாரன் மாதிரிச் சுருதி மாறாது, குரல் கரகரத்துச் சிதையும், அவ்வளவுதான். சுருதி இறங்குவதைக் காதால் கேட்க வேண்டுமென்றால் மோர்ஸ் பீக்கன் (தான் இருப்பதைத் தானாகவே அறிவிக்கும் சிக்னல்) அனுப்பும் சாட்டிலைட் ஒன்றை, ரிசீவரை எஸ்எஸ்பி என்ற வேறொரு முறையில் வைத்துக் கேட்க வேண்டும், பீப் ஒலி மெல்ல மெல்லத் தணிந்துகொண்டே போவது தெளிவாகக் காதில் விழும். இன்னொன்று, மலிவான டாங்கிள்களின் கிரிஸ்டலில் பிசகு இருக்கும், பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலே 145 மெகாஹெர்ட்ஸில் 3 கிலோஹெர்ட்ஸ் தள்ளிக் காட்டும். இதையும் டாப்ளரையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கிரிஸ்டல் பிசகு பாஸ் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும், டாப்ளர் நகரும்.

இப்போது அந்தக் கடைசி விஷயத்துக்கு வருவோம், இறக்கத்தின் செங்குத்து. 1957 அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. அது 20.005, 40.002 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் பீப் பீப் என்று அனுப்பியதை உலகம் முழுக்க ஹாம்கள் தங்கள் வீட்டு ரிசீவரிலேயே கேட்டார்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகத்தில் வில்லியம் குயர், ஜார்ஜ் வைஃபன்பாக் என்று இரண்டு இளைஞர்கள் அதைப் பதிவு செய்துவிட்டு, அலைவரிசை இறங்கும் வளைவை உட்கார்ந்து அலசினார்கள். வளைவின் மொத்த உயரம் வேகத்தைச் சொல்கிறது. நடுவில் எவ்வளவு செங்குத்தாக விழுகிறது என்பது எவ்வளவு அருகில் கடந்தது என்பதைச் சொல்கிறது. விழுகிற நேரம், எப்போது மிக அருகில் இருந்தது என்பதைச் சொல்கிறது. இதை வைத்து, ராடார் இல்லாமல், ஒரே இடத்தில் இருந்துகொண்டு, ஸ்புட்னிக்கின் சுற்றுப்பாதையையே கணக்கிட்டுவிட்டார்கள். எனக்குத் தெரிந்து ரேடியோ வரலாற்றில் இதைவிட அழகான வேலை கிடையாது.

அடுத்த வருடம் அவர்களுடைய மேலதிகாரி ஃபிராங்க் மெக்லூர் ஒரு கேள்வி கேட்டார்: தரையில் நிற்கும் இடம் தெரிந்தால் சாட்டிலைட் எங்கே என்று கண்டுபிடிக்கலாம் என்றால், சாட்டிலைட் இருக்கும் இடம் தெரிந்தால் நாம் எங்கே நிற்கிறோம் என்று கண்டுபிடிக்க முடியாதா? அதிலிருந்து பிறந்ததுதான் டிரான்சிட், உலகின் முதல் சாட்டிலைட் வழிகாட்டி அமைப்பு. ஜிபிஎஸ்ஸுக்கு முந்தைய தலைமுறை அதுதான். கடலில் தவிக்கிற படகின் அவசரகால பீக்கன் 406 மெகாஹெர்ட்ஸில் கூப்பிடும்போது, தாழ்ந்த பாதையில் போகும் சாட்டிலைட்டுகள் படகின் இடத்தைக் கண்டுபிடிப்பதும் இதே வளைவை வைத்துத்தான். கோஸ்பாஸ்-சார்சாட் என்ற அந்த ஏற்பாடு 1982-லிருந்து உயிர்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

சரி, ராக்கெட் ஏவுகிற நாளில் ஹாம்களுக்கு இதில் என்ன வேலை? நிறைய இருக்கிறது. 2017 பிப்ரவரி 15 அன்று பிஎஸ்எல்வி-சி37 ஒரே தடவையில் 104 சாட்டிலைட்டுகளைக் கொண்டுபோய் விட்டது. அப்படிக் கூட்டமாகப் பிரிந்தவை முதல் சில நாள் ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கமாகவே போகும். ராடாரில் புள்ளி புள்ளியாகத் தெரியும், எந்தப் புள்ளி எந்த சாட்டிலைட் என்று தெரியாது. ஒரு கல்லூரி மாணவர்கள் செய்த சின்ன சாட்டிலைட்டின் பீக்கனை ஒரு ஹாம் பதிவு செய்து, அதன் டாப்ளர் வளைவை ஒவ்வொரு புள்ளியின் பாதையோடும் பொருத்திப் பார்த்தால், எது சரியாகப் பொருந்துகிறதோ அதுதான் நம்முடையது. சில நொடி முன்பின் ஆனாலே வளைவு பொருந்தாது, அவ்வளவு துல்லியம். உலகம் முழுக்க ஹாம்கள் இந்த வேலையைச் சம்பளம் வாங்காமல் செய்கிறார்கள்.

2018 ஜனவரியில் கனடாவில் ஸ்காட் டில்லி என்ற ஹாம், அப்போதுதான் ஏவப்பட்டிருந்த ஓர் அமெரிக்க ரகசிய சாட்டிலைட்டைத் தேடிக்கொண்டிருந்தார். அது கிடைக்கவில்லை. வேறு ஒரு சிக்னலின் வளைவு கிடைத்தது. பொருத்திப் பார்த்தால், 2000-ல் நாசா ஏவி 2005 டிசம்பரில் தொடர்பு அறுந்துபோன இமேஜ் என்ற சாட்டிலைட்! செத்துவிட்டது என்று கைவிடப்பட்டது உயிரோடு பேசிக்கொண்டிருந்தது. அந்த மாதம் முடிவதற்குள் நாசாவே அதை உறுதி செய்தது. ஒரு தனிமனிதர் வீட்டிலிருந்தபடி இதைக் கண்டுபிடித்தார் என்பதைத்தான் நான் புதியவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

நம் ஊர்ப் பங்கும் குறைவில்லை. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி6 கார்ட்டோசாட்-1-ஐக் கொண்டுபோனபோது கூடவே ஹாம்சாட்டும் போனது. 42.5 கிலோ எடை, முழுக்க முழுக்க ஹாம்களுக்காக இஸ்ரோ ஏவிய சாட்டிலைட். 2014 வரைக்கும் வேலை செய்தது. 2009-ல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட் போனது. இனி தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் எஸ்எஸ்எல்வி என்ற சின்ன ராக்கெட்டுக்கான ஏவுதளம் வருகிறது, 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே துருவப் பாதைக்கு ஏவினால் இலங்கைமேல் போகாமல் ராக்கெட் வளைந்து போக வேண்டியிருக்கிறது, சின்ன ராக்கெட்டுக்கு அது பெரிய நஷ்டம். குலசேகரன்பட்டினத்திலிருந்து நேராகத் தெற்கே கடல்மேல் விட்டுவிடலாம். மதுரையிலிருந்து நேர்க்கோட்டில் பார்த்தால் 170 கிலோமீட்டர்தான்.

வானியலுக்கு வந்தால், டாப்ளருக்கு மதுரைக்காரர்கள் வெகுதூரம் தேடிப்போக வேண்டியதில்லை. கொடைக்கானல் போகிறவர்கள் ஏரியையும் தூண் பாறையையும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள், மேலே ஒரு சூரிய ஆய்வகம் இருப்பதைப் பல பேர் கவனிப்பதில்லை. தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கில் மக்கள் செத்த பிறகு, மழை பொய்ப்பதற்கும் சூரியனுக்கும் சம்பந்தம் உண்டா என்று பார்க்கச் சூரியனைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்று பஞ்ச விசாரணைக் கமிஷன் பரிந்துரைத்தது. கொடைக்கானல் ஆய்வகத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. 1899-ல் ஆய்வகம் வந்தது. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் அங்கே சூரியப் புள்ளி ஒன்றின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் படம் எடுத்தார். நிறமாலையில் இருக்கிற கறுப்புக் கோடுகள் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தில் நிற்க வேண்டியவை, நம் 145.800 மாதிரி. ஆனால் சூரியப் புள்ளியைச் சுற்றியிருக்கிற மங்கலான ஓரத்தில் அந்தக் கோடுகள் நேராக இல்லாமல் சாய்ந்திருந்தன. சூரிய விளிம்புப் பக்கம் சிவப்பை நோக்கியும், நடுப்பக்கம் நீலத்தை நோக்கியும் தள்ளியிருந்தன. அதாவது ஒரு பக்கம் வாயு நம்மைவிட்டு விலகுகிறது, மறுபக்கம் நம்மை நோக்கி வருகிறது. சூரியப் புள்ளியின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நொடிக்கு ஏறக்குறைய 2 கிலோமீட்டர் வேகத்தில் வாயு ஓடிக்கொண்டிருக்கிறது என்று 15 கோடி கிலோமீட்டர் தள்ளி, பழனி மலையில் உட்கார்ந்துகொண்டு கண்டுபிடித்தார். இன்றைக்கும் உலகம் முழுக்க அதற்கு எவர்ஷெட் விளைவு என்றுதான் பெயர். ஹாம் வாட்டர்ஃபாலில் சாய்கிற கோடும் எவர்ஷெட் பார்த்த சாய்ந்த கோடும் சொல்கிற சேதி ஒன்றேதான். 1995-ல் மேயரும் கெலோவும் 51 பெகாசி என்ற நட்சத்திரம் 4.2 நாளுக்கு ஒருமுறை முன்னும் பின்னும் ஆடுவதை இதே முறையில் பார்த்து, அதைச் சுற்றும் கோளைக் கண்டுபிடித்தார்கள்.

இதில் ஹாம்களே மாடியில் இருந்து செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. விண்வெளியில் பரந்து கிடக்கிற ஹைட்ரஜன் வாயு 1420.4 மெகாஹெர்ட்ஸில் இயற்கையாகவே மெல்லிய ரேடியோ அலையை விடுகிறது. 1951-ல் ஹார்வர்டில் யூவனும் பர்செல்லும் ஜன்னலுக்கு வெளியே ஒரு கூம்பு ஆன்டெனாவை நீட்டி அதை முதன்முதலில் பிடித்தார்கள். இப்போது ஒரு சின்ன டிஷ், நல்ல ஆம்ப்ளிஃபையர், ஃபில்டர், டாங்கிள் இருந்தால் நாமும் பிடிக்கலாம், பொறுமையாகப் பல நிமிடப் பதிவைச் சராசரி எடுக்க வேண்டும். பால்வீதியை நோக்கித் திருப்பினால் ஒரே ஒரு மேடு வராது, இரண்டு மூன்று மேடுகள் தள்ளித் தள்ளி வரும். ஒவ்வொன்றும் பால்வீதியின் ஒரு கை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில். இங்கே நொடிக்கு 1 கிலோமீட்டர் வேகம் என்றால் 4.7 கிலோஹெர்ட்ஸ் நகர்வு. பூமியே சூரியனைச் சுற்றி நொடிக்கு 30 கிலோமீட்டர் ஓடுகிறது என்பதால் அதையும் கழித்தாக வேண்டும். நாம் ஓடுகிற ஓட்டமும் நம் திரையிலேயே தெரிகிறது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது.

ஆரம்பிக்கிறவர்கள் ஹைட்ரஜனில் ஆரம்பிக்க வேண்டாம். ஓர் எஸ்டிஆர் டாங்கிளோ சாதாரண ஹேண்டியோ (கையடக்க ரேடியோ) போதும். ஆன்டெனாவுக்கு இரும்பு மெஷரிங் டேப்பை வெட்டி பிவிசி பைப்பில் பொருத்தி மூன்று எலிமென்ட் யாகி (ஒரு திசையை நோக்கிப் பிடிக்கிற ஆன்டெனா) செய்துகொள்ளலாம், வழிமுறை இணையத்தில் ஏராளம். பாஸ் நேரத்துக்கு என்2ஒய்ஓ, ஹெவன்ஸ் அபவ் மாதிரித் தளங்களில் மதுரையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், உச்ச உயரம் 40 டிகிரிக்கு மேலே இருக்கிற பாஸாகத் தேர்ந்தெடுங்கள். 145.800-ல் எப்போதும் குரல் வந்துகொண்டிருக்காது, பள்ளிகளோடு விண்வெளி வீரர்கள் பேசும்போதும் எஸ்எஸ்டிவி முறையில், அதாவது படத்தை ஒலியாக மாற்றி, அனுப்பும்போதும்தான் சிக்னல் வரும். சுபான்ஷு சுக்லா 2025 ஜூலையில் அங்கிருந்து ஹாம் ரேடியோவில் மாணவர்களோடு பேசியது நினைவிருக்கும். மற்ற நாளில் 437.800-ல் ரிப்பீட்டரையும் (ஹாம்களின் குரலை வாங்கித் திருப்பி அனுப்புகிற கருவி), 145.825-ல் பாக்கெட் சிக்னலையும் (எழுத்துச் செய்திகளைச் சுமந்து வரும் சிக்னல்) தேடிப் பாருங்கள். ஹேண்டியில் 437.810, 437.805, 437.800, 437.795, 437.790 என்று ஐந்து மெமரி போட்டுவைத்து, பாஸ் நகர நகர ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே வந்தால் குரல் தெளிவாக இருக்கும். அந்த ஐந்தும் ஏன் அந்த வரிசையில் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

பதில் சொல்லிப் பேச ஆசை வந்தால் உரிமம் கட்டாயம், இல்லாமல் பிடிடி-யை, அதாவது பேசுவதற்கான பொத்தானை, அழுத்தவே கூடாது. 12 வயது நிரம்பியவர்கள் தேர்வு எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட் கிரேடில் தேறினால் வியூ3 (VU3) என்று தொடங்கும் அழைப்புக்குறி, ஜெனரல் கிரேடுக்கு வியூ2 (VU2). ஜெனரலுக்கு மோர்ஸும் படிக்க வேண்டும், நிமிடத்துக்கு எட்டு வார்த்தை வேகம் போதும்.